பிள்ளைக்கான நட்டஈடு: கைநாட்டு வைக்குமுன்



தடுப்பூசி போட்ட பிறகு பிள்ளைக்குக் கடும் வருத்தம் வந்தால், "ஊசிதான் காரணம்" என்று லயத்தில் பேச்சு எழும். ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகாது. விசாரித்துத்தான் சொல்ல முடியும். 2008இல் நம் நாட்டில் ஐந்து நோய்களுக்கான பென்டாவலன்ட் ஊசி போட்ட சில குழந்தைகள் இறந்தபோது, அரசு அந்த ஊசியை நிறுத்தி விசாரித்தது. 2010இல் மீண்டும் கொடுத்தது.

ஆனால் நட்டஈடு கேட்பது தவறல்ல. பிரித்தானியாவில் 1979இலும் அமெரிக்காவில் 1986இலும் இதற்கென்றே சட்டம் வந்தது. அமெரிக்காவில் பல கோரிக்கைகள், ஊசிதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ளாமலே சமரசத்தில் முடிகின்றன.

நாம் கவனிக்க வேண்டியவை:

1. கிளினிக் கார்டைத் தொலைச்சிடாதீங்க. ஊசி போட்ட திகதியும் தொகுதி இலக்கமும் அதில்தான் இருக்கும். வருத்தம் கண்டதும் வைத்தியசாலைக்குப் போங்க. மிட்வைஃப் அம்மாவுக்கும் சொல்லுங்க. வைத்தியசாலைத் துண்டுகளையும் பத்திரப்படுத்துங்க.

2. நாளைக் கடத்தாதீங்க. காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, நட்டஈட்டு வழக்கைப் பொதுவாக 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

3. "பேசித் தீர்ப்போம்" என்று கடதாசி நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்க. கைநாட்டு வைத்தபின் மேலும் கேட்க முடியாமல் போகலாம். பிள்ளையின் பேரில் வழக்கு இருந்தால், நீதிமன்ற அனுமதியில்லாமல் தாய் தகப்பன்கூட சமரசம் செய்ய முடியாது. அந்தப் பணம் பிள்ளையின் பணம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையா? சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்க.

அடுத்த ஊசியைப் பயந்து நிறுத்தாதீங்க. டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்க.