பிள்ளை வர மறுக்கும்போது: எண்ணச் சுழற்சி நோயும் பெற்றோரும்

எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்குச் சில நாள்களில் நோயாளி இல்லாமல் பெற்றோர் மட்டும் வருவதுண்டு. மகனுக்கு வயது இருபத்தேழு, பொறியியல் படித்தவர், வேலையை விட்டு ஓராண்டுக்கு மேலாகிறது. காலை பத்து மணிக்குள் மேல்நிலைத் தொட்டி காலியாகிவிடுகிறது. தந்தை மறுபடி மோட்டார் போடுகிறார். கடைக்குப் போய்வந்த தாய், தலைக்குக் குளித்த பிறகுதான் தம் சமையலறைக்குள்ளேயே நுழைய முடிகிறது. "ஆஸ்பத்திரி என்றாலே கதவைச் சாத்திக்கொள்கிறான், டாக்டர். தூக்கிக்கொண்டா வர முடியும்?" என்கிறார்கள். இது ஒரு வீட்டின் கதையன்று; பல வீடுகளில் கேட்டதைச் சேர்த்து எழுதியிருக்கிறோம்.

ஓ.சி.டி. என்று பலரும் அறிந்துள்ள இந்நோயில், வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து கடும் பதற்றத்தை எழுப்புகிறது. அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்கிறது. கழுவுவதும் பூட்டை இழுத்துப் பார்ப்பதும் வெளியில் தெரியும். இறைவனைப் பற்றிய தகாத எண்ணம், பெற்றவரையே காயப்படுத்திவிடுவோமோ என்ற அச்சம் ஆகியவை தெரியா. இவ்வெண்ணங்களைக் கண்டு மிகவும் நடுங்குபவர் நோயாளியே. அவை அவருடைய விருப்பங்கள் அல்ல. சிகிச்சைக்கு வர மறுப்பதற்குப் பிடிவாதத்தைவிட வெட்கமே பல நேரங்களில் காரணமாக இருப்பதைக் காண்கிறோம்.

பதினெட்டு வயது நிறைந்தவரை, குடும்பத்தார் விரும்புகிறார்கள் என்பதற்காக மட்டும் உள்நோயாளியாகச் சேர்க்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருவதில்லை. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளுக்கு மட்டுமே தனி விதிகள் உள்ளன. ஆயினும் பெற்றோர் தனியாக வந்து எங்களிடம் பேசுவதற்குத் தடையேதும் இல்லை. பிள்ளை எங்களிடம் சொன்னதை அவர் இசைவின்றி உங்களிடம் சொல்ல இயலாது. நீங்கள் சொல்வதை நாங்கள் கேட்கலாம். பல வீடுகளில் சிகிச்சை அப்படித்தான் தொடங்குகிறது.

ஏனெனில் நோய் பிள்ளையிடம் மட்டும் இருப்பதில்லை. வீட்டின் நடைமுறைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. "கேஸை மூடினீர்களா, அம்மா?" என்று அவர் கேட்க, "மூடிவிட்டேன், கண்ணு" என்கிறார் தாய். ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு மறுபடி அதே கேள்வி. அந்த மறுமொழி அன்பினால் வருவது. ஆனால் கழுவுதல் செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. பதற்றம் தானே தணியும் என்பதை அறியும் வாய்ப்பைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது. அதற்காக இன்று முதல் எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்திய வீடுகளில் கைகலப்பு வரை போனதுண்டு. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். வீடு அமைதியாக இருக்கும் வேளையில் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "இந்தக் கேள்விக்கு இனி ஒருமுறைதான் பதில் சொல்வேன். உனக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். நான் பக்கத்திலேயே இருக்கிறேன்." முதல் சில நாள்கள் கேள்வி கூடும், அப்போது தாயும் தந்தையும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். பாட்டி இரக்கப்பட்டுப் பதில் சொல்லிவிட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப நேரும். ஆகவே பாட்டியையும் அழைத்து வாருங்கள்.

உணவில் மருந்தைக் கலந்து கொடுக்கலாமா என்று கேட்காத குடும்பம் குறைவு. கூடாது. அசுத்தத்துக்கு அஞ்சும் ஒருவர் அதைக் கண்டுபிடித்தால் தாய் கையால் உண்பதையே நிறுத்திவிடக்கூடும். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பதும் வேண்டாம். நோயை மறைத்து நடத்தும் திருமணத்தில் துன்புறும் பெண் ஒருத்தியும் சேர்ந்துகொள்கிறாள்.

பிள்ளை இசைந்து வரும்போது எந்தச் சிகிச்சையைத் தேடுவது? வெறும் ஆறுதல் பேச்சு இந்நோய்க்குப் போதாது. அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு, அதைத் தணிக்கும் செயலைச் செய்யாமலிருக்கப் பழக்கும் ஈ.ஆர்.பி. என்னும் பயிற்சி தேவை. கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருப்பது ஒரு தொடக்கப் படி. மருத்துவ உளவியலாளரிடம், "இந்தப் பயிற்சி தருவீர்களா?" என்று நேராகக் கேட்கலாம், கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. ஃப்ளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் மனச்சோர்வுக்குத் தருவதைவிட இதற்குப் பெரும்பாலும் கூடுதல் அளவில் தேவைப்படும். முழுப் பயன் தெரியப் பத்து, பன்னிரண்டு வாரம் ஆகலாம். நான்காம் வாரத்தில் "வேலை செய்யவில்லை" என்று தாமாகவே நிறுத்தியவர்களை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். குணம் தெரிந்த பிறகும் ஓரிரு ஆண்டுகள் தொடர வேண்டியிருக்கும்.

சாவைப் பற்றிப் பேசினாலோ, உணவையும் நீரையும் அறவே தவிர்த்தாலோ காத்திருக்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தனியாக வரும் பெற்றோர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள். ஒரு வாரத்தில் பிள்ளை செய்ததை மட்டுமல்லாமல், அவருக்காக நீங்கள் செய்ததையும் அதில் எழுதுங்கள்: எத்தனை முறை பதில் சொன்னீர்கள், எத்தனை முறை குளித்தீர்கள், எத்தனை முறை மோட்டார் போட்டீர்கள் என்று. முதல் சந்திப்பில் அந்தப் பக்கத்திலிருந்துதான் பேசத் தொடங்குவோம்.