சைக்கிள் ஓடினால் புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

கேள்வி: என் மகளுக்குப் பதினொரு வயது. அவளோடு படிக்கும் ஒரு பையன் இரத்தப் புற்றுநோய் வந்து நெடுநாள் பள்ளிக்கூடம் வராமல் இருந்தான். இப்போதுதான் திரும்பவும் வருகிறான். ஓகஸ்ட் மாதம் நடக்கும் 'கிறேட் சைக்கிள் சலன்ஜ்' என்ற சைக்கிள் ஓட்டம் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து, தானும் 200 கிலோமீற்றர் ஓடி சிக்கிட்ஸ் சிறுவர் வைத்தியசாலைக்குக் காசு சேர்க்கப்போவதாகப் பிடிவாதமாக நிற்கிறாள். கணவர், "நாங்களே 200 டொலரைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது, எதற்கு ஊரெல்லாம் கேட்டுத் திரியவேணும்?" என்கிறார். அம்மாவுக்கு வேறு கவலை: "பொல்லாத வருத்தத்தின்ர பேரைச் சொல்லிக்கொண்டு பிள்ளை வீடு வீடாய்ப் போறதே?" சேரும் காசு உண்மையாகவே பிள்ளைகளுக்குப் போய்ச் சேருகிறதா? கொடுப்பதென்றால் ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமே என்றும் மனம் சொல்கிறது. என்ன செய்யட்டும்?
ஒரு தாய், ஸ்காபரோ

பதில்: மகளை ஓட விடுங்கள். கணவரின் 200 டொலரையும் வாங்கி வையுங்கள், அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

கணவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதிப்பதால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் வருத்தம் மாறாது. ஆனால் அவர் கட்டும் 200 டொலர் 200 டொலரோடு நின்றுவிடும். 1980இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில், தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்ரார் என்ற இளைஞர் தெரிந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஸ்பிறிங்ஃபீல்டிலிருந்து புறொவின்ஸ்ரவுன் வரை சைக்கிள் ஓடினார். ஓடியவர்கள் 36 பேர். சேர்ந்தது பத்தாயிரம் டொலருக்குச் சற்று மேல். 'பான்-மாஸ் சலன்ஜ்' என்ற பெயரில் ஆண்டுதோறும் நடக்கும் அந்த ஓட்டம், பொஸ்ரனில் உள்ள டேனா-ஃபாபர் புற்றுநோய் நிலையத்துக்கு இதுவரை 100 கோடி டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த 36 பேரும் தங்கள் காசை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்திருந்தால் கதை அந்த வருடத்தோடு முடிந்திருக்கும். ஓடுகிறவருக்குப் பிறரிடம் கேட்க ஒரு காரணம் கிடைக்கிறது. கொடுப்பவருக்கும் அப்படித்தான்: ஒரு பிள்ளை வெயிலில் வியர்க்க மிதித்துவிட்டு வந்து கேட்டால் இல்லையென்று சொல்ல மனம் வராது. அடுத்த வருடம் அவர்களிலேயே சிலர் சைக்கிளை எடுக்கிறார்கள்.

காசு என்ன செய்யும் என்ற கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்லவேண்டும். அந்தப் பையனுக்கு வந்தது எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளைகளுக்கு அதிகமாக வருவது அக்கியூற் லிம்ஃபோபிளாஸ்ரிக் லூக்கீமியா. 1960களின் தொடக்கத்தில் இது வந்த பிள்ளைகளில் பத்தில் ஒருவர் நீண்டகாலம் தப்பியிருப்பதே அரிது. இன்று கனடா போன்ற நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் சுகமாகிறார்கள். இரண்டு, மூன்று வருடம் நீளும் அந்தச் சிகிச்சையில் வின்கிறிஸ்ரின் என்றொரு மருந்து இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணியிலிருந்து. நம் ஊர் முற்றத்தில் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் அதே பட்டிப்பூ. 1952இல் ஜமெய்க்காவிலிருந்து ஒரு மருத்துவர், அங்குள்ளவர்கள் நீரிழிவுக்குக் குடிக்கும் இலை இது என்று சொல்லி, ரொறன்ரோவில் இருந்த கிளாக் நோபிள் என்ற மருத்துவருக்குத் தபாலில் அனுப்பினார். அவர் அதை ஒன்ராறியோவின் லண்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தம்பி றொபேட்டிடம் கொடுத்தார். சர்க்கரையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஆய்வு விலங்குகளின் வெள்ளை இரத்த அணுக்கள் சரசரவென்று குறைந்தன. அதைப் பிடித்துக்கொண்டு அவரும் சாள்ஸ் பியரும் வின்பிளாஸ்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து சில வருடங்களில் வின்கிறிஸ்ரினும் வந்தது.

மருந்து கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை. எந்த மருந்தோடு எதைச் சேர்ப்பது, எவ்வளவு, எத்தனை நாள் என்று வைத்தியசாலைகள் பல சேர்ந்து வருடக்கணக்கில் பரிசோதித்துத்தான் பத்தில் ஒன்பது என்ற இடத்துக்கு வந்தார்கள். பெரியவர்களோடு பார்த்தால் புற்றுநோய் வரும் பிள்ளைகளின் தொகை மிகச் சிறிது. மருந்துக் கம்பனிகளுக்கு அது பெரிய சந்தையல்ல. அதனால்தான் இந்த ஆய்வுகளில் நன்கொடைக் காசுக்கு இவ்வளவு வேலை. இன்னும் செய்யவேண்டியதும் கிடக்கிறது. மூளைத் தண்டில் வரும் சில கட்டிகளுக்கு இன்றைக்கும் நம்பிக்கையான சிகிச்சை இல்லை. சுகமான பிள்ளைகளிலும் சிலருக்கு, சிஸ்பிளாற்றின் போன்ற மருந்துகளால் காது கேட்பது குறைந்துவிடுகிறது.

சேர்க்கும் காசை மகளின் கையிலோ உங்கள் கணக்கிலோ வாங்கவேண்டாம். பெரியப்பா முதல் பக்கத்து வீட்டார் வரை ஒவ்வொருவரும் அவளுடைய இணையப் பக்கத்திலேயே நேராகக் கட்டட்டும். அப்போதுதான் வரிப் பற்றுச்சீட்டு அவரவர் பெயருக்கு வரும். எந்த அமைப்புக்குக் கொடுத்தாலும் அதன் பதிவு எண்ணைக் கனடா வருமான வரி நிறுவனத்தின் பட்டியலில் தேடுங்கள். வருடத்தில் எவ்வளவு வந்தது, எவ்வளவு நிர்வாகத்துக்குப் போனது என்று அந்த அமைப்பு கொடுத்த கணக்கு அங்கே எல்லாருக்கும் திறந்தே இருக்கிறது.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். எங்கள் வீடுகளில் இந்த வருத்தத்தை மூடி மறைப்பதால் நொந்து போவது அந்தப் பிள்ளையின் தாய்தான். நான் என்ன பாவம் செய்தேன், என்ன சாப்பிடக் கொடுத்தேன் என்று தனியே அழுதுகொண்டிருப்பாள். பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் பெரும்பாலும் தாய் தகப்பன் செய்த எதனாலும் வருவதல்ல, தொற்றுவதும் அல்ல. இதை அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்த ரெறி ஃபொக்ஸ் 1980இல் 143 நாள், 5,373 கிலோமீற்றர் ஓடினார். தான் படுத்திருந்த வைத்தியசாலையில் பார்த்த பிள்ளைகளின் முகம்தான் அவரை வீதிக்கு இறக்கியது. உங்கள் மகள் ஒவ்வொரு செப்ரெம்பரும் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரால் ஓடியிருப்பாள். அந்தக் கதையை அவளே அம்மம்மாவுக்குச் சொல்லட்டும்.

மகள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பையனின் பெயரையோ படத்தையோ தன் பக்கத்தில் போட வேண்டாம். அவனுடைய தாயிடம் முதலில் நீங்கள் பேசுங்கள், அவனிடமும் கேளுங்கள். தலைமுடி திரும்ப முளைத்துவரும் ஒரு பிள்ளைக்கு, வகுப்பில் எல்லாரையும் போல இருப்பதுதான் பெரிய ஆசை.

ஓட்டத்துக்குப் புதுச் சைக்கிள் வாங்காதீர்கள். இருக்கிறதன் பிறேக்கையும் சங்கிலியையும் பாருங்கள், ஆசனத்தின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். ஒன்ராறியோவில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஹெல்மெட் போடுவது சட்டம். மணியும் இருக்கவேண்டும். 31 நாளில் 200 கிலோமீற்றர் என்றால் நாளுக்கு ஆறரைதான். ஹைலண்ட் கிறீக் ஓரத்துப் பாதையில் நீங்களும் கூடவே ஓடினால் பின்னேரம் ஒரு மணித்தியாலத்துக்குள் வீடு திரும்பலாம். மழை நாளையும் காய்ச்சல் நாளையும் விட்டுவிடுங்கள். 140இல் நின்றாலும் ஒரு டொலர் குறையாது.

ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி உங்கள் மனம் சொல்வது சரி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் புற்றுநோய் வரும் பிள்ளைகளில் 80 வீதத்துக்கும் மேல் சுகமாகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 வீதம்கூட இல்லை. மருந்து தெரியாமல் அல்ல. வருத்தத்தைப் பிந்திக் கண்டுபிடிப்பதும், மருந்து கிடைக்காமல் போவதும், தூரமும் செலவும் தாங்காமல் நடுவில் சிகிச்சையை விடுவதும்தான் காரணம். இலங்கையின் வடக்கிலிருந்து மகரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பங்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, 'ட்றெயில்' என்ற பெயரில் பலர் நடந்தே வந்து காசு சேர்த்தார்கள். அந்தக் காசு தெல்லிப்பளை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனது. எனவே மகளின் ஓட்டம் சிக்கிட்ஸுக்கே இருக்கட்டும். அவளுடைய நண்பனின் ஊர் இதுதான். கணவரின் 200 டொலரைத் தெல்லிப்பளைக்கோ மகரகமைக்கோ அனுப்புங்கள். முதலில் வைத்தியசாலை நிர்வாகத்தோடு பேசி என்ன தேவை என்று கேளுங்கள். வெளிநாட்டு வைத்தியசாலைக்கு நேராக அனுப்பும் காசுக்குப் பொதுவாக இங்கே வரிப் பற்றுச்சீட்டு கிடைக்காது, அதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.