வைட்டமின் டி: என்சைமைச் செலுத்தினால் சரியாகுமா?

கேள்வி: எனக்கு வயது 46. வைட்டமின் டி குறைவாக இருப்பதால், 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாக 8 வாரங்களுக்குச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். என்சைமையே செல்லுக்குள் செலுத்தி வைட்டமின் அளவைச் சீராக்கலாம் என்று படித்தேன். எனக்கு அது பயன்படுமா?
– வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு மாத்திரையே போதும். வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் ஒரு என்சைமும் சிறுநீரகத்தில் இன்னொன்றும் மாற்றிய பிறகே, குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவும் ஹார்மோனாகிறது. வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது ‘சிஒய்பி24ஏ1’ என்ற மூன்றாவது என்சைம். உங்களைப் போன்ற பெரும்பாலோருக்கு இந்த மூன்றும் நன்றாகவே இருக்கும்; வைட்டமின்தான் போதாது.

என்சைமே பழுதானவர்களின் நிலை வேறு. மூன்றாவது என்சைமின் மரபணுவில் பிழையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு, வழக்கமான வைட்டமின் டி சொட்டு மருந்தே ஆபத்தாகலாம். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, நீரிழப்பு, எடை கூடாமை வரும். சிறுநீரகத்தில் கால்சியம் படியும். இந்த மரபணுக் காரணம் 2011இல்தான் தெரியவந்தது.

இவர்களுக்கு என்சைமைச் செலுத்துவது எளிதல்ல. என்சைம் ஒரு பெரிய புரதம். விழுங்கினால் செரித்துவிடும், ஊசியில் போட்டாலும் செல்லின் சவ்வைத் தானாகக் கடக்காது. இருந்தாலும், ஒரு என்சைம் குறைவால் வரும் கோஷே என்ற மரபணு நோய்க்கு 1991 முதல் என்சைம் ஊசி இருக்கிறது. அந்த என்சைமிலுள்ள மானோஸ் சர்க்கரையைச் செல்லின் ஏற்பிகள் பற்றிக்கொண்டு, அது வேலை செய்யவேண்டிய லைசோசோம் என்ற செல் உறுப்புக்கே கொண்டுசேர்க்கின்றன. ஆனால், வைட்டமின் டியைச் சிதைக்கும் என்சைமுக்கு இடம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. அங்கே அதற்கு எலக்ட்ரான் தரும் துணைப் புரதங்களும் வேண்டும். ஆகவே அந்தக் குழந்தைகளுக்கு இன்றைய சிகிச்சை, வைட்டமின் டியையும் கால்சியத்தையும் குறைப்பதுதான். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலின் வேறொரு என்சைமைத் தூண்டி வைட்டமின் டியைச் சிதைக்கவைப்பதால் சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. இல்லாத என்சைமைக் கொண்டுபோவதற்குப் பதில், இருக்கும் என்சைமை முடுக்கிவிடும் அருமையான வழி இது.

இத்தகைய குழந்தைகள் மிக அரிது. அதற்குப் பயந்து யாரும் குழந்தையின் சொட்டு மருந்தை நிறுத்திவிட வேண்டாம். நீங்கள் 8 வாரம் முடிந்ததும் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி இருந்தால் உடனே கால்சியம் அளவைப் பரிசோதியுங்கள்.