பந்தய இன்ஜினில் பலமான ராடு: விதி இடம் தரலாமா?



நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு என்று பிரித்துத்தான் ஓட விடுவார்கள். சமமானவை மோதினால்தானே பந்தயம்! மோட்டார் பந்தயத்திலும் இதே கதைதான். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் திறக்கப்பட்ட 3.7 கி.மீ. பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே நடக்கும் தேசிய பைக் பந்தயத்தில் புதியவர்களுக்கு 'ஸ்டாக்', தேறியவர்களுக்கு 'புரோ ஸ்டாக்' என்று பிரிவுகள் உண்டு. 'ஸ்டாக்' என்றால் கம்பெனி கொடுத்த வண்டியில் ரொம்பக் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம்.

இப்போது கேள்வி: கம்பெனி ராடு உடைகிறது என்றால், கடையில் தனியாக விற்கும் பலமான ராடு போட விடலாமா?

ராடு ஏன் உடைகிறது?

பிஸ்டனையும் கிராங்கையும் இணைப்பதுதான் கனெக்டிங் ராடு. பிஸ்டன் மேலே போய் நின்று, உடனே கீழே திரும்ப வேண்டும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் ஒரு நொடியில் சுமார் 333 தடவை இப்படி நின்று திரும்புகிறது! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன் 100 கிராம், அதன் ஓட்டம் 50 மி.மீ., ராடு நீளம் 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். புகை வெளியேறி முடியும் நேரத்தில் பிஸ்டன் உச்சியில் ராடை இழுக்கும் விசை சுமார் 350 கிலோ எடைக்குச் சமம். அதே இன்ஜினை 12,000-க்கு முறுக்கினால் சுமார் 500 கிலோ! வேகம் கூடியது 20 சதவீதம், விசை கூடியதோ 44 சதவீதம். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும் என்று இயற்பியலில் படிக்கிறோமே, அதுதான் இது.

வேண்டும் என்பவர்கள் சொல்வது

ராடு உடைந்தால் இன்ஜின் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். ஆயில் தடத்தில் கொட்டும். பின்னால் வருகிறவன் அதில் வழுக்கி விழுவான். அவன் உயிருக்கு யார் பொறுப்பு? ஒரு இன்ஜின் போனால் ஆகும் செலவை விட நல்ல ராடு விலை கம்மிதான்.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

'உடைஞ்சிரும்' என்கிற பயமே ஒரு கடிவாளம். அது போய்விட்டால் எல்லாரும் இன்னும் முறுக்குவார்கள். அடுத்து வால்வு ஸ்பிரிங், அப்புறம் கேம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் திறமை உள்ளவன் அல்ல, காசு உள்ளவன்தான் ஜெயிப்பான்.

என் கருத்து

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பலம் வேறு, வேகம் வேறு. பலத்தை அனுமதித்துவிட்டு வேகத்தைப் பூட்டலாம். 1967-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு பந்தயத்தைப் பாருங்கள். அந்தப் பழைய இன்ஜினுக்கு மாற்றுப் பாகங்களை அமெரிக்க அமெச்சூர் பந்தய விதிகள் அனுமதித்தன. ஆனால் பாகங்களுக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. பலமாக இருக்கலாம், இலேசாக இருக்கக் கூடாது!

ஆகவே நான் சொல்லும் விதி மூன்று:
1. ராடும் அதன் போல்ட்டும் பலமானதாகப் போடலாம். எடை கம்பெனி ராடை விடக் குறையக் கூடாது.
2. சுற்று வேகத்துக்கு ஒரே வரம்பு. அதைக் கட்டுப்படுத்தும் பெட்டியை நடத்துபவர்களே சீட்டுக் குலுக்கிக் கொடுக்க வேண்டும்.
3. பாகத்துக்கு விலை உச்சவரம்பு வேண்டும்.

எடையைச் சோதிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். பந்தயம் முடிந்ததும் இன்ஜினைப் பிரித்து, தராசில் வைத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: இதெல்லாம் தடத்துக்கு மட்டும்தான். அண்ணன் பைக்கில் போட்டு அறந்தாங்கி ரோட்டில் முறுக்க அல்ல! பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

நண்பர்களே, நீங்கள் நடுவராக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்? எழுதிக் கொடுங்கள், அடுத்த இதழில் ஒட்டுவோம்.

– பதினோராம் வகுப்பு மாணவன், கீரமங்கலம்