அரிவாள் அணுச் சோகை: குழந்தையின் திடீர் நோயும் குடும்பத்தின் ஆயத்தமும்

பிறவியிலேயே நலிவுற்ற குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சலும் சாதாரணமானதன்று. சிக்கிள் செல் நோய் எனப்படும் அரிவாள் அணுச் சோகை உள்ள குழந்தைகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாவர். குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களின் பழங்குடிப் பகுதிகளில் இந்நோய் பரவலாகக் காணப்படுகிறது. இந்தியாவில் இது முதன்முதலாக 1952-ஆம் ஆண்டில் நீலகிரி மலைவாழ் மக்களிடையே கண்டறியப்பட்டது.

இந்நோயை 2047-ஆம் ஆண்டுக்குள் ஒழிக்கும் நோக்குடன் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. நாற்பது வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதித்தறிவது அதன் இலக்காக அறிவிக்கப்பட்டது. சோதனை இன்றியமையாதது, எனினும், நோய் உண்டு என்று அறியப்பட்ட குழந்தைக்கு ஒரு நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் அக்குடும்பம் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியமான வினாவாகும்.

நோயின் தன்மை

ஹீமோகுளோபின் புரதத்தில் ஏற்படும் ஒரே ஒரு அமினோ அமில மாற்றமே இந்நோய்க்குக் காரணம். ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து விறைத்து, நுண்ணிய இரத்த நாளங்களை அடைக்கின்றன. வழக்கமாக 120 நாட்கள் வாழும் சிவப்பணு, இக்குழந்தைகளிடம் 10 முதல் 20 நாட்களிலேயே அழிகிறது. பெற்றோர் இருவரும் நோய்க்கூற்றைத் தாங்கியவர்களாக இருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

பிறந்த முதல் சில மாதங்களில் கரு ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது. அதன் பின்னரே துன்பம் தலைகாட்டும். கை, கால்கள் வீங்கி வலிப்பது பல குழந்தைகளிடம் முதல் அறிகுறியாகும். கிருமிகளை வடிகட்டும் மண்ணீரல் இளவயதிலேயே செயலிழப்பதால், நியூமோகாக்கஸ் போன்ற கிருமிகள் சில மணி நேரத்தில் இரத்தம் முழுவதும் பரவிவிடக்கூடும். ஆகவேதான் இக்குழந்தைகளின் காய்ச்சல் அவசர நிலையாகக் கருதப்படுகிறது.

தாய் அறிய வேண்டியவை

காய்ச்சல் 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் காலை வரை காத்திருத்தல் கூடாது. மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, திடீரென முகம் வெளிறுதல், கை கால் தளர்தல், பேச்சுக் குழறுதல், எழுப்பினாலும் விழியாத மயக்கம் ஆகியவையும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதைக் குறிப்பனவாகும். சிறிய அளவிலான வலிக்கு மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் தரலாம். நீர் மிகுதியாகப் பருகச் செய்து உடலைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். வலிக்கும் இடத்தில் பனிக்கட்டி வைத்தல் தீங்கு விளைவிக்கும்.

இவற்றுள் பெரிதும் அறியப்படாதது மண்ணீரல் வீக்கமாகும். சில வேளைகளில் உடலின் இரத்தத்தில் பெரும்பகுதி மண்ணீரலில் திடீரெனத் தேங்கிவிடும். குழந்தை வெளிறிச் சோர்ந்து, இடப்பக்க வயிறு பெருத்துக் காணப்படும். உடனே இரத்தம் ஏற்றாவிடில் சில மணி நேரத்திலேயே உயிரிழப்பு நேரலாம்.

ஜமைக்கா தரும் படிப்பினை

இதனைத் தாய்மார்களால் கண்டறிய இயலுமா என்ற ஐயத்திற்கு ஜமைக்கா நாடு விடை தந்துள்ளது. அந்நாட்டின் தலைநகர் கிங்ஸ்டனில் 1973 முதல் 1981 வரை ஒரு லட்சம் பிறப்புகள் சோதிக்கப்பட்டு, நோயுற்ற குழந்தைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். இடப்பக்க விலாவின் கீழ் விரல்களால் தொட்டு மண்ணீரலின் அளவை அறியும் முறை தாய்மார்களுக்குக் கற்பிக்கப்பட்டது. இத்தகைய திடீர் வீக்கத்தால் நேரும் இறப்பு விகிதம் அதன் பின்னர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

நோய் வருமுன் காக்கும் வழிகளும் உள்ளன. இளங்குழந்தைகளுக்கு நாள்தோறும் இருவேளை பெனிசிலின் தருவதால் நியூமோகாக்கஸ் தொற்று பெரிதும் குறைகிறது என்பதை 1986-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. நம் நாட்டில் நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் அறிமுகமாகி, 2021-இல் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஹைட்ராக்சியூரியா மருந்து வலித் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. ஆயின் இதனை உட்கொள்ளும் குழந்தைக்குக் குறித்த காலங்களில் இரத்தச் சோதனை தேவை.

தொலைவும் கூலியும்

மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 20,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் நெறிமுறையாகும். சமவெளிக்கு இந்த அளவு முறையே 5,000, 30,000 ஆகும். மலைப்பகுதிகளில் மக்கள் சிதறி வாழ்வதை இச்சலுகை கருத்திற்கொள்கிறது. எனினும் இரத்தம் ஏற்றும் வசதி பெரும்பாலும் மாவட்ட மருத்துவமனையிலேயே கிடைக்கிறது. சிகிச்சை இலவசமாயினும் அங்கே சென்றடைவது இலவசமன்று. தாய் குழந்தையுடன் தங்குகிறாள். தந்தை கூலியை இழக்கிறார். வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. ஆகவே தாமதம் அறியாமையால் மட்டும் நேர்வதன்று. வறுமையின் கணக்கும் அதில் அடங்கியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. அதன்படி உரிய சான்றிதழ் பெற இக்குடும்பங்களுக்கு உதவுவது உள்ளூர் அலுவலர்களின் கடமையாகும்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, குழந்தையின் வழக்கமான ஹீமோகுளோபின் அளவு, இரத்தப் பிரிவு, மண்ணீரலின் வழக்கமான அளவு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் குறித்த அட்டை ஒன்று எப்போதும் தாயிடம் இருத்தல் வேண்டும். அறிமுகமில்லாத மருத்துவரும் அதனைக் கண்டு காலத்தை வீணாக்காமல் செயல்பட இயலும். இரண்டாவதாக, ஆஷா பணியாளர் மண்ணீரலைத் தொட்டறியும் முறையைப் பயின்று தாய்மார்களுக்குக் கற்பிக்க வேண்டும். வீட்டில் வெப்பமானி ஒன்று இருப்பதையும் உறுதிசெய்தல் நலம். மூன்றாவதாக, இரவில் எந்த ஊர்தியில், எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதைக் குழந்தை நலமாக இருக்கும்போதே குடும்பம் முடிவு செய்து வைத்தல் வேண்டும்.

சோதிக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பது திட்டத்தின் ஓர் அளவுகோலாகும். காய்ச்சல் கண்ட குழந்தை எத்தனை மணி நேரத்தில் மருத்துவரை அடைந்தது என்பதையும் மாவட்ட அலுவலர்கள் கணக்கிட்டு வருவார்களாயின், இத்திட்டம் எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பது தெளிவாகும்.