வீட்டுப் பணம்: பாதிக்குப் பாதியா, ஒரே பையா?

தென்காசிப் பக்கம் மத்தியான நேரத்தில் தெருவில் நடந்தால் திண்ணைதோறும் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். மடியில் சுளவு, கையில் கத்தரி. அடுப்பில் உலை கொதிப்பதையும் அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி இரண்டு வேலை செய்பவருக்கு வீட்டுப் பணத்தில் என்ன பங்கு?

கணவருக்கு மாதம் 30,000, மனைவிக்கு 6,000, வீட்டுச் செலவு 24,000 என்று வைத்துக்கொண்டு, பணத்தைப் பங்கிடும் மூன்று வழிகளைப் பார்ப்போம்.

பாதிக்குப் பாதி: ஆளுக்கு 12,000. மனைவி தன் கூலி முழுவதையும் கொடுத்தாலும் போதாது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே சம்பளம் என்றால் மட்டுமே இது சரிவரும்.

வருமானத்துக்கு ஏற்ற பங்கு: கணவர் 20,000, மனைவி 4,000. கையில் மிஞ்சுவது அவருக்கு 10,000, இவருக்கு 2,000. முதல் வழியைவிட மேல். ஆனால் சமையலும் பிள்ளை வளர்ப்பும் கணக்கில் வரவே இல்லை.

ஒரே பை: 36,000-ஐயும் சேர்த்து வைத்து, செலவு போக 6,000 சேமிப்பு. மீதி 6,000-ல் ஆளுக்கு 3,000. அதற்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான். வங்கிக் கணக்கு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பாஸ்புக்கை இருவரும் பார்க்க வேண்டும். குடியோ சூதாட்டமோ உள்ள வீட்டில் ஒரே பை ஆகாது. அங்கே மனைவியின் பணம் அவர் பெயரில் தனிக் கணக்கில் இருப்பதே பாதுகாப்பு.

குற்றாலத்தில் சீசன் கடை போடுபவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் கை நிறையும். வந்த லாபத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, கடையில் நிற்கும் இருவருக்கும் மாதச் சம்பளம்போல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணவர் வளைகுடாவில் இருந்தால், வீட்டுச் செலவுப் பணம் மனைவியின் கணக்குக்கே வரட்டும். பெற்றோருக்கு அனுப்பும் தொகையை இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். கணவர் சவூதியில் சம்பாதித்து வாங்கிய சொத்தைப் பற்றிய வழக்கில், மனைவியின் வீட்டு வேலையும் அந்தச் சொத்துக்கான உழைப்பே, அவருக்குச் சம பங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது.

நகையை மறந்துவிடாதீர்கள். மனைவிக்குச் சீதனமாக வந்த நகை அவருக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. விசாவுக்கோ கடை முதலுக்கோ அதை அடகு வைத்தால், அவரிடம் வாங்கிய கடன் என்று நோட்டில் எழுதுங்கள். மற்றக் கடன்களுக்கு முன்பே அதை மீட்டுக் கொடுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் மாதக் கடைசியில் ஒன்றைப் பாருங்கள். அம்மா வீட்டுக்குப் போகும்போது ஒரு கிலோ பழம் வாங்க மனைவி அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? கேட்க வேண்டியிருந்தால் உங்கள் பங்கீட்டை மாற்றுங்கள்.