புதிரும் சம்பாஷணையும்

கேள்வி: விடை புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருக்க, கணிதப் புதிர்களைப் பற்றி நிபுணர்களோடு சம்பாஷிப்பதில் பிரயோஜனம் உண்டா?

பதில்: நிச்சயமாக உண்டு. 1914-ஆம் ஆண்டின் இறுதியில், கேம்பிரிட்ஜில் ஸ்ரீநிவாச ராமானுஜன் காய்கறி வதக்கிக்கொண்டிருக்கையில், நண்பர் மகலனோபிஸ் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வெளிவந்த ஒரு புதிரை வாசித்துக் காட்டினார். 1 முதல் வரிசையாக இலக்கமிட்ட தெருவில், ஒரு வீட்டுக்கு இருபுறமும் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகைகள் சமம், வீடுகளோ 50-க்கு மேல், 500-க்குள், அவ்வீடு எது?

மகலனோபிஸ் சில நிமிஷ நேரம் முயன்று, 288 வீடுகளில் 204-ஆவது என்று கண்டிருந்தார்; ராமானுஜனோ, கையிலிருந்த காரியத்தை நிறுத்தாமலே, இவ்வொரு விடையை மட்டுமன்றி, 8 வீடுகளில் 6-ஆவது, 49-இல் 35-ஆவது என முடிவின்றி நீளும் விடைகள் அனைத்தையும் தன்னுள் அடக்கிய ஒரு தொடர் பின்னத்தையே சொல்லி எழுதிக்கொள்ளச் செய்தார். இரண்டின் வர்க்கமூலத்தை மேன்மேலும் நெருங்கும் 3/2, 7/5, 17/12 என்ற பின்னங்களில், மேலும் கீழும் உள்ளவற்றைப் பெருக்கினால் 6, 35, 204 வருவதைப் பாருங்கள். எத்தனை ஆச்சரியமான சம்பந்தம்! கடைசிப் பக்கத்தில் 204 மாத்திரமே கிடைத்திருக்கும்.

அடுத்த பின்னம் 41/29. அதற்குரிய தெருவில் எத்தனை வீடுகள் என்பதைக் கணித்து, தங்கள் ஊர்க் கணித ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.